நூற்று எண்பத்தாறும் வெற்றி

கையால் செய்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற காரியத்தை, கையால் செய்யாமல் தப்பிப்பதற்காக ஒரு வாரம் ராப்பகலாக உழைக்கிற மனித வகை ஒன்று இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் ஒருவராவது இருப்பார். உங்கள் வீட்டிலேயே இருந்தால் என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

இவரைச் சோம்பேறி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவான். நம் ஆளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரே வேலையை இரண்டாவது தடவை செய்ய நேர்ந்தால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். உடனே லேப்டாப்பைத் திறந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "இதுக்கு ஒரு கோடு எழுதிட்டா ஆயுசுக்கும் கவலையில்ல" என்பார். கோடு என்று அவர் சொல்வது கணினி நிரலை. ஆயுசில் அந்த வேலை மறுபடி வரவே போவதில்லை என்பதை யாராவது எடுத்துச் சொன்னால் காதில் விழாது.

நான் சொல்லப்போகிறவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். வயது நாற்பத்தைந்து. காணொளிகளைப் பார்த்துத் தானாகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர். அலுவலகத்தில் அவருக்குத் 'தானியங்கி' என்று பெயர். கேலிக்காகத்தான் வைத்தார்கள். அவரோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

தானியங்கியின் முந்தைய சாதனைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். குடும்பத்து வாட்ஸப் குழுவில் தினமும் வந்து விழுகிற காலை வணக்கங்களுக்குப் பதில் போட்டு மாளவில்லை என்று, யார் எதை அனுப்பினாலும் தானே பதில் சொல்கிற நிரல் ஒன்றை எழுதிவிட்டார். பதினொரு நாள் அமோகமாக ஓடியது. குழுவில் இவ்வளவு பண்பான ஆள் வேறு யாரும் இல்லை என்று எல்லோரும் மெச்சினார்கள். பன்னிரண்டாம் நாள் காலை, சின்ன மாமனார் தன் அண்ணி காலமான செய்தியைப் போட்டார். இரண்டே வினாடியில் தானியங்கியிடமிருந்து பதில் போயிற்று: "மிக்க நன்றி! தங்கள் வீட்டிலும் அவ்வாறே அமைய வாழ்த்துகிறேன்!"

திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நிரலில் 'காலமானார்' என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு விதிவிலக்கு சேர்த்தார். அவ்வளவுதான்.

அவருடைய மனைவி பேச்சுப் பயிற்சி தருபவர். பக்கவாதத்தாலும் விபத்தாலும் பேச்சை இழந்தவர்களுக்கு எழுத்து எழுத்தாக, சொல் சொல்லாகப் பேச்சை மீட்டுக்கொடுப்பது அவர் தொழில். ஒரு மையத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறார். ஒவ்வொரு நோயாளியின் பயிற்சியையும், அவர்கள் சம்மதத்தோடு, ஒலிப்பதிவு செய்து மையத்தின் கிளவுட் சேமிப்பகத்தில் வைத்திருந்தார். ஒரு திங்கட்கிழமை மையத்திலிருந்து கடிதம் வந்தது. சேமிப்பகத்தை மூடப்போகிறார்கள், அவரவர் பதிவுகளை அவரவர் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும், இதோ இணைப்பு, சனிக்கிழமை நண்பகலோடு எல்லாம் அழிக்கப்படும்.

அந்த அம்மாள் செய்த ஒரே தவறு, கணவரிடம் ஹார்டு டிஸ்க் கேட்டதுதான்.

"என்னங்க, உங்க டிஸ்க்கக் கொஞ்சம் குடுங்க. நூத்து எண்பத்தாறு பதிவு இருக்கு. என் லேப்டாப்ல இடம் பத்தாது."

"எப்படி எடுக்கப்போற?"

"எப்படின்னா? ஒவ்வொண்ணா கிளிக் பண்ணித்தான். ரெண்டு சாயங்காலம் உக்காந்தா முடிஞ்சிடும்."

தானியங்கியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கிணற்றில் விழப்போகிற குழந்தையைக் கண்டவரைப்போல ஓடிவந்து மடிக்கணினியைப் பிடுங்கிக்கொண்டார்.

"நூத்து எண்பத்தாறு தடவையா? கையாலயா? காட்டுமிராண்டி மாதிரியா? நான் எதுக்கு இருக்கேன்? பத்தே வரி கோடு. நீ போய் உன் வேலையப் பாரு."

மனைவி போகவில்லை. "இது விளையாட்டில்லங்க. அடுத்த புதன்கிழமை அந்த பஸ் டிரைவருக்கு டெப்போல மீட்டிங். அவரோட பதிவெல்லாம் எனக்குக் கட்டாயம் வேணும்."

அந்த ஓட்டுநரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் வாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. முதல் மாதம் 'ஆ' என்ற ஒரே சத்தத்துக்கு அவர் பட்ட பாட்டைப் பார்த்து அவர் மனைவி அறைக்கு வெளியே போய் நின்று அழுதார். இப்போது நாற்பது நிமிடம் சேர்ந்தாற்போலப் பேசுகிறார். ஆனால் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாளிடமும் தன் மனைவியிடமும் மட்டும்தான். புது ஆள் யாராவது எதிரில் உட்கார்ந்தால் சொற்கள் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். வண்டி ஓட்ட முடியாது. டெப்போவின் விசாரணைக் கூண்டில் வேலை கேட்டிருந்தார். பயணிகளிடம் பேசுகிற வேலை. முன்பின் தெரியாத மூன்று பேர் முன்னால் அவர் வாயடைத்து நிற்பார் என்பது அம்மாளுக்குத் தெரியும். அதனால் பதிவுகளைப் போட்டுக் காட்டுவதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார். முதல் நாள் 'ஆ' முதல் நேற்றைய நாற்பது நிமிடம் வரை வரிசையாகக் கேட்டால் எந்த அதிகாரிக்கும் நம்பிக்கை வரும்.

"கவலைய விடு" என்றார் தானியங்கி.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு விடுப்பு. பகிரப்பட்ட இணைப்பு ஒவ்வொன்றிலும் 'பார்' என்று பொருள்படும் ஒரு சொல் இருக்கிறது. அதை 'இறக்கு' என்று மாற்றிவிட்டால் கோப்பு நேராக வந்து விழும். இதைக் கண்டுபிடித்தபோது அவருக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை என்னவென்று சொல்ல! முதல் கோப்பை வைத்துச் சோதித்தார். வந்து விழுந்தது. ஓட்டினார். "ஆ..." என்றது ஓட்டுநரின் குரல். தானியங்கி நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

அப்போதே மிச்சத்தையும் இறக்கியிருந்தால் விஷயம் வேறு. ஆனால் இந்த வகையறாவுக்கு வேலை முடிவதில் அக்கறை கிடையாது, கோடு அழகாக இருக்க வேண்டும். புதன்கிழமை முழுக்கக் கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் பகுதி: தேதி, நோயாளி, பயிற்சி எண், எல்லாம் தானாக விழ வேண்டும். வியாழக்கிழமை, முன்னேற்றத்தைக் காட்டப் பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக வளர வேண்டும். அது வளர்ந்தது. ஆனால் கொஞ்சம் வெளிர்பச்சையாக இருந்தது. ஒரு மாலை அதற்குப் போயிற்று.

"நான் வேணா நாலஞ்சு கிளிக் பண்ணிக்கிட்டிருக்கட்டுமா?" என்று மனைவி தினமும் கேட்டார்.

"நடுவுல கை வைக்காத. கோடு குழம்பிடும்."

பக்கத்தின் மேல் மூலையில் 'அனைத்தையும் பதிவிறக்கு' என்று ஒரு பொத்தான் இருந்தது. தானியங்கி அதைப் பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பார்த்தார். பெரிய ஓட்டலின் சமையல்காரர் பொட்டலத்துச் சாப்பாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நிரல் ஓடியது. சேமிப்பகம் கோபித்துக்கொள்ளாமல் இருக்க, ஒரு கோப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே எட்டு வினாடி ஓய்வு. இருபத்தைந்து நிமிடம் கழித்துத் திரையில் பச்சை எழுத்தில் வந்தது: "186 / 186 வெற்றி." மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடாததுதான் குறை.

"தொறந்து பாத்தீங்களா?"

"இதோ" என்று முதல் கோப்பைத் திறந்தார். "ஆ..." என்றது. "போதுமா?"

மனைவிக்கு நிம்மதி. சனிக்கிழமை நண்பகல் சேமிப்பகம் மூடப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை தானியங்கி முகம் மழித்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, இது தொறக்க மாட்டேங்குது."

"உன் பிளேயர் பழசு."

"முதல் மூணு மாசத்துது நல்லா ஓடுது. அதுக்கு அப்புறம் ஒண்ணுமே ஓடல."

பாதி நுரையோடு வந்தார். ஒன்றைத் திறந்தார். ஓடவில்லை. வேறு பிளேயரில் திறந்தார். அதிலும் ஓடவில்லை. அதன் பிறகுதான், ஆறு நாளில் முதல் தடவையாக, கோப்புகளின் அளவைப் பார்த்தார். ஓடாத நூற்று முப்பத்தொரு கோப்புகளும் எள்ளளவு வித்தியாசம் இல்லாமல் ஒரே அளவு. நாற்பது நிமிடப் பேச்சும் அதே அளவு, பத்து நிமிடப் பேச்சும் அதே அளவு. ஒன்றை எழுத்தாகத் திறந்து படித்தார். ஒலி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே ஒரு சின்னப் பக்கம் இருந்தது:

"இந்தக் கோப்பு பெரியதாக இருப்பதால் வைரஸ் சோதனை செய்ய இயலவில்லை. இருந்தாலும் பதிவிறக்க விரும்புகிறீர்களா?"

கீழே ஒரு பொத்தான்: 'ஆம்.'

சின்னக் கோப்புகள் நேராக வந்துவிட்டன. பெரியவை ஒவ்வொன்றும் வாசலில் நின்று மரியாதையாக ஒரு கேள்வி கேட்டிருக்கின்றன. நூற்று முப்பத்தொரு தடவை. ஆம் என்று சொல்ல அங்கே ஆளில்லை. நிரலோ அந்தக் கேள்வியையே வாங்கி, தேதி போட்டு, பெயர் போட்டு, பயிற்சி எண் போட்டு, அழகாக அடுக்கி வைத்திருக்கிறது.

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் கணவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"முனகல் எல்லாம் இருக்கு" என்றார் அவர், திரையைப் பார்த்தபடியே. "பேச ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ஒண்ணும் இல்ல."

தானியங்கி முகத்தில் ஒரு பக்கம் நுரை காய்ந்துகொண்டிருந்தது. "கோடு சரியாத்தான்..." என்று ஆரம்பித்தார். மனைவி திரும்பிப் பார்த்தார். அவர் நிறுத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை தானியங்கி மையத்துக்குப் போன் போட்டார். எழுத்தர் பொறுமையாகப் பேசினார்.

"சனிக்கிழமையே அழிச்சாச்சு சார். ஆறு நாள் டைம் குடுத்தோமே? மேல ஒரு பட்டன் இருந்திருக்குமே, 'அனைத்தையும்'னு. அதை அமுக்கினா கேள்வி கேக்காம எல்லாம் வந்திருக்குமே! பாக்கலையா நீங்க?"

"கவனிக்கல" என்றார் தானியங்கி. வாழ்க்கையில் அவர் சொன்ன மிக வெட்கங்கெட்ட பொய் அதுதான்.

செவ்வாய்க்கிழமை மாலை மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "நான் போய் டிரைவர்கிட்ட சொல்ல மாட்டேன். நீங்களே வந்து சொல்லுங்க."

ஓட்டுநர் வீடு மூன்றாம் மாடி. கதவைத் திறந்தது அவர் மனைவி. "வாங்க டீச்சர், நாளைக்கு என்ன சட்டை போடலாம்னுதான் பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார். கட்டிலின் மேல் தேய்த்த சட்டைகள் இரண்டு இருந்தன. ஓட்டுநர் நாற்காலியில் உட்கார்ந்து, புது ஆளைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார்.

தானியங்கி அந்தச் சட்டைகளைப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த ஒரே வழியில் பேசினார்.

"அண்ணே, அது வந்து... லிங்க்ல இருந்து ரிக்வெஸ்ட் போகுதில்ல, சின்ன ஃபைலுக்கு நேரா வந்துடும். பெரிய ஃபைலுக்கு நடுவுல ஒரு பேஜ் வந்துடுச்சு. கோடு அதையே ஃபைல்னு நெனச்சு சேவ் பண்ணிடுச்சு. ஆறு நாள் ஒக்காந்து எழுதினது, மொத ஃபைலத் தொறந்து பாத்தப்ப நல்லாத்தான் ஓடுச்சு. லாஜிக்ல தப்பில்ல, ஆனா அந்த சைட்டு..."

ஓட்டுநர் இடது கையைத் தூக்கினார். போக்குவரத்தை நிறுத்துகிற மாதிரி.

"த... தம்பி."

தூக்கிய கையை அவர் இறக்கவில்லை.

"என்... பேச்சு... போச்சா?"

"கொஞ்சம் இருக்குண்ணே. முதல் மூணு மாசம்."

"அது... பேச்சு இல்ல. அது... சத்தம்."

ஓட்டுநரின் கழுத்து நரம்பு புடைத்தது. சொல் வருவதற்கு முன்னால் உதடு இரண்டு தடவை துடித்தது.

"வண்டிய... எடுக்கறதுக்கு முன்னாடி... டயரத் தட்டிப் பாக்கணும். பிரேக்க... மிதிச்சுப் பாக்கணும். இருபத்தாறு வருஷம்... தெனம் பாத்தேன். நேத்துப் பாத்தேனேன்னு... இன்னிக்கு விட்டதில்ல. நீ... ஒரே ஒரு டயரத் தட்டிட்டு... வண்டியே நல்லாருக்குன்னு எழுதிட்ட."

"அண்ணே, நான்..."

"இரு. நான் முடிக்கல."

பயிற்சி தருகிற அம்மாள் மெல்லக் கைப்பையைத் திறந்து, போனை எடுத்து, தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஆளே ஏறல. சீட்டெல்லாம் காலி. நீ டிக்கெட்ட மட்டும் கிழிச்சுக் கிழிச்சு, ஃபுல் லோடுன்னு எழுதிக்கிட்டுப் போயிருக்க. போற வழியில ஒரு தடவையாவது திரும்பிப் பாக்க மாட்டே? வண்டில கண்ணாடி எதுக்கு வச்சிருக்கான்? தலை சீவறதுக்கா? ஆறு நாள் என்னய்யா பண்ணே?"

"ஒரு பச்சைக் கோடு..." என்றார் தானியங்கி ஈனக் குரலில்.

"என்ன கோடு?"

"வேலை எவ்வளவு முடிஞ்சிருக்குன்னு காட்டுற கோடுண்ணே. இடது பக்கத்துல இருந்து வளரும்."

ஓட்டுநர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள்! பத்து நிமிடம். தடுக்கிற இடங்களில் தடுக்கியது, ஆனால் நிற்கவில்லை. பஸ் புறப்படும் நேரத்தைப் பலகையில் அழகழகாக எழுதிவிட்டு பஸ்ஸை எடுக்க மறந்த ஒரு நேரக் காப்பாளரின் கதையைச் சொன்னார். கண்டக்டரை ஏற்றாமலே அடுத்த ஊர் வரை போன தன் கதையைச் சொன்னார், அதையும் ஒளிக்கவில்லை. நடுவில் தானே சிரித்துவிட்டார். சிரிப்புக்கு அப்புறம் சொற்கள் இன்னும் சுலபமாக வந்தன. மூலையில் நின்றிருந்த அவர் மனைவி, கணவர் ஒரு முன்பின் தெரியாத ஆளை வாய் நிறையத் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு, கட்டிலில் சட்டைகள் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் அம்மாள் சொன்னார்: "அண்ணே, இந்த மனுஷர உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

ஓட்டுநர் யோசித்தார். "இன்னிக்குத்தான்... பாக்கறேன்." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"பதிவாயிருக்கு. நாளைக்குப் போட்டுக் காட்டட்டுமா?"

ஓட்டுநர் தானியங்கியைப் பார்த்தார். "தம்பிக்கு... மரியாதையா இருக்காதே."

"போடுங்கண்ணே" என்றார் தானியங்கி. ஒரு வாரத்தில் அவர் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

புதன்கிழமை டெப்போவில் மூன்று அதிகாரிகள். எதிர்பார்த்தபடியே ஓட்டுநர் வாயடைத்துப்போனார். அம்மாள் முதலில் அந்த 'ஆ'வைப் போட்டார், பிறகு நேற்றையதைப் போட்டார். 'தலை சீவறதுக்கா?' என்ற இடத்தில் நடுவில் இருந்த அதிகாரிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "யாருங்க அந்த ஆளு?" என்று கேட்டார். ஓட்டுநர் கதவுப் பக்கம் கை காட்டி, தங்குதடையில்லாமல் சொன்னார்: "வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காரு சார். டீச்சரோட வீட்டுக்காரர்." மூன்று பேரும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். மனைவியின் குடையை மடியில் வைத்துக்கொண்டிருந்த தானியங்கி எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

ஆறு மாதத் தற்காலிக வேலை கிடைத்தது. இதற்குக் காரணம் தானியங்கிதான் என்று சொல்லி அவரைக் காப்பாற்ற எனக்கு மனமில்லை. மிச்சம் ஒன்பது குடும்பங்களின் பேச்சு போனது போனதுதான். அந்த நோயாளிகளில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. அவர் மகள் அந்தக் குரல் பதிவு வேண்டும் என்று எழுதியிருந்தாள். அம்மாள் ஒன்பது பேருக்கும் மன்னிப்புக் கேட்டுக் கையால் கடிதம் எழுத உட்கார்ந்தார். மூன்றாவது கடிதத்தை முடித்தபோது தானியங்கி பின்னால் வந்து நின்றார்.

"பேரை மட்டும் மாத்தி, ஒன்பதும் தானா போற மாதிரி..."

மனைவி பேனாவை நீட்டினார். மிச்சம் ஆறு கடிதங்களையும் தானியங்கியே எழுதினார். மகளுக்கு எழுதியதற்கு மட்டும் ஒரு முழு மாலை ஆயிற்று. கை வலித்தது.

திருந்திவிட்டாரா என்கிறீர்களா? இறக்கிய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் வேலையைத் தானாகச் செய்கிற நிரல் ஒன்றை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார். அது ஓடி முடிந்ததும் பச்சையில் 'வெற்றி' என்று வருகிறதாம்.

சிரிக்கிறீர்கள். நிரல் எழுதத் தெரியாத நமக்கென்ன என்ற தெம்பு அந்தச் சிரிப்பில் தெரிகிறது. போன மாதம் போனில் இடமில்லை என்று, 'அனைத்தும் பத்திரமாகச் சேமிக்கப்பட்டன' என்ற ஒரு வரியை நம்பி, நான்கு வருடப் படங்களை ஒரே தட்டலில் அழித்தீர்களே, சேமித்த இடத்தில் ஒரு படத்தையாவது திறந்து பார்த்தீர்களா? மேலதிகாரிக்கு 'இணைத்துள்ளேன்' என்று அனுப்பியதில் ஏதாவது இணைந்திருந்ததா? பார்க்கவில்லையா? பாதகமில்லை, பதற வேண்டாம். தானியங்கி தன் வகையறாவுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார். நீங்கள் விண்ணப்பம் எதுவும் போட வேண்டியதில்லை. உறுப்பினர் சேர்க்கை தானாகவே நடந்துவிடும்.